எரிபொருள் ரசீதும் கேஜும்: இரண்டு எண்களும் தனித்தனியே வரவேண்டும்

கேள்வி: விமான நிறுவனத்தில் புதிதாகத் துணை விமானியாகச் சேர்ந்திருக்கிறேன். எரிபொருள் அளவு திரையிலேயே தெரிகிறது. பிறகு ஏன் ரசீதை வைத்து மறுபடி கணக்குப் போட வேண்டும்? தாமதம் ஆகும் நாட்களில் செக்லிஸ்ட்டை எப்படிக் கையாள்வது?

பதில்: திரையில் தெரிவது டேங்குக்குள் இருக்கும் உணரிகள் சொல்லும் எண் மட்டுமே. 2005 ஆகஸ்டில் துனிசியாவின் துனின்டர் நிறுவனத்தின் ஏடிஆர் 72 விமானத்தில், அதைவிடச் சிறிய ஏடிஆர் 42 விமானத்துக்கான கேஜை, அதாவது எரிபொருள் அளவுகாட்டியை, பொருத்தியிருந்தார்கள். எரிபொருள் இருப்பதாகவே அது காட்டிக்கொண்டிருக்க, டேங்குகள் வற்றி, விமானம் சிசிலி அருகே கடலில் இறங்கியது. 16 பேர் இறந்தார்கள். கேஜைச் சோதிக்க, கேஜைச் சாராத இன்னொரு எண் வேண்டும். அதைத் தருவது, எரிபொருள் நிரப்பியவர் கொடுக்கும் ரசீது.

ஓர் எடுத்துக்காட்டு. வந்திறங்கியபோது மீதம் 4,200 கிலோ. ரசீதில் 9,500 லிட்டர், அடர்த்தி லிட்டருக்கு 0.79 கிலோ. பெருக்கினால் 7,505 கிலோ, மொத்தம் 11,705. கேஜ் 11,580 காட்டினால் வித்தியாசம் 125 கிலோ. ஏபியு (தரையில் நிற்கும்போது மின்சாரம் தரும் துணை எஞ்சின்) ஒரு மணி நேரம் ஓடியிருந்தால் அதிலேயே நூறு கிலோவுக்கு மேல் போயிருக்கும், ஆகவே இது பொருந்துகிறது. உங்கள் நிறுவனக் கையேடு அனுமதிக்கும் வரம்பைத் தாண்டினால் பொறியாளரை அழைத்து, ஒவ்வொரு டேங்கையும் அளவுக்கோலால் அளக்கச் சொல்லுங்கள். எண்ணை ஒப்பவைக்க அடர்த்தியைத் திருத்திப் பார்க்கும் பழக்கம் மட்டும் வேண்டவே வேண்டாம். ஜெட் ஏ-1 எரிபொருளின் அடர்த்தி 15 டிகிரி செல்சியஸில் 0.775 முதல் 0.840 வரைதான் இருக்கும்; அதிலிருந்து வெகுவாக விலகிய ஓர் எண்ணைக் கண்டால் அலகைச் சந்தேகியுங்கள்.

1983 ஜூலையில் ஏர் கனடாவின் போயிங் 767-இல் நடந்தது அதுதான். கேஜ் வேலை செய்யாததால் அளவுக்கோலால் அளந்தார்கள், 7,682 லிட்டர். அளந்தது சரி. ஆனால் அதைக் கிலோவாக்க 0.8-க்குப் பதில், லிட்டருக்கு இத்தனை பவுண்டு என்ற 1.77-ஆல் பெருக்கினார்கள். மேற்கொண்டு நிரப்ப வேண்டியதையும் அதே எண்ணால் கணக்கிட்டார்கள். 22,300 கிலோ இருக்கிறது என நம்பிக் கிளம்பிய விமானத்தில் சுமார் 10,100 கிலோதான் இருந்தது. நடுவானில் எரிபொருள் தீர்ந்து, இரண்டு எஞ்சின்களும் நின்றன. கனடாவின் கிம்லி என்ற ஊரில், எஞ்சின் இல்லாமல் காற்றில் மிதந்தே தரையிறங்கியதில் யாரும் இறக்கவில்லை. இதில் நான் மிக முக்கியமாகக் கருதுவது வேறொன்று: விமானக் கணினியும் 22,300 என்றே ஆரம்பித்தது, ஏனென்றால் விமானிகள் கையால் கொடுத்த எண் அது. ஒரே எண்ணை இரண்டு இடத்தில் பார்த்தால் அது சரிபார்ப்பு ஆகாது.

செக்லிஸ்ட்டிலும் இதே விதிதான். ‘எரிபொருள்’ என்று கேட்டால் ‘பார்த்தாச்சு’ என்று சொல்லாதீர்கள். கேஜைப் பார்த்து ‘11,580 கிலோ, இருபுறமும் சமம்’ என்று எண்ணைச் சொல்லுங்கள். தேவையான அளவோடு கேப்டன் அதை ஒப்பிடட்டும். மனப்பாடமாக ஒப்பிக்காமல் அட்டையைப் பார்த்தே வாசியுங்கள். நடுவில் தரைப் பணியாளரோ கட்டுப்பாட்டு அறையோ அழைத்தால், விட்ட வரியை நினைவிலிருந்து தேடாமல் முதல் வரியிலிருந்து மறுபடி தொடங்குங்கள். அதற்குச் சில நொடிகளே ஆகும். கேப்டன் அவசரப்பட்டால், ‘சார், எரிபொருளுக்கு இன்னும் பதில் வரவில்லை’ என்று சொல்லிவிட்டு அந்த வரியிலேயே நில்லுங்கள்.