பையன் வண்டி ஓட்டினால் வழக்கு அம்மா மேல்

கேள்வி: என் மகனுக்கு 16 வயது முடிந்துவிட்டது, பதினொன்றாம் வகுப்பு படிக்கிறான். காலை ஐந்தரைக்கு டியூஷன். அந்த நேரத்தில் எங்கள் கிராமத்துக்கு பஸ் கிடையாது. என் பெயரில் இருக்கும் 110 சிசி ஸ்கூட்டரில் போய்வருகிறான். மெயின் ரோட்டுக்குப் போக மாட்டான், ஹெல்மெட்டும் போடுகிறான். 16 வயதிலேயே லைசென்ஸ் எடுக்கலாம் என்கிறார்கள். அதுவரை போலீஸ் பிடித்தால் அபராதம் கட்டினால் போதும்தானே? - நாமக்கல் பக்கத்திலிருந்து ஒரு வாசகி

பதில்: விடிவதற்குள் பிள்ளையைக் கிளப்பி அனுப்பும் சிரமம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் சாவியை இன்றே வாங்கி வைத்துவிடுங்கள்.

16 வயதில் லைசென்ஸ் உண்டு என்பது பாதி உண்மை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 4-வது பிரிவு அந்த வயதில் 50 சிசிக்கு மேற்படாத வண்டியை மட்டுமே அனுமதிக்கிறது. சாதாரணமாகத் தெரியும் டி.வி.எஸ். எக்ஸ்.எல். 100-கூட 99.7 சிசி. உங்கள் ஸ்கூட்டரை ஓட்ட அவனுக்கு 18 முடிந்தாக வேண்டும்.

அபராதத்தோடு முடியுமா என்றால், முடியாது. 2019 திருத்தத்தில் 199ஏ என்ற பிரிவு வந்தது. சிறுவன் வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால் பெற்றோரையோ வாகன உரிமையாளரையோதான் அது குற்றவாளியாகக் கருதுகிறது. நீங்கள் இரண்டுமாக இருக்கிறீர்கள். மூன்றாண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், வண்டியின் பதிவு 12 மாதம் ரத்து. பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. கல்லூரி முடித்து வேலைக்குப் போகும் வயதிலும் அவன் யாராவது ஏற்றிப் போனால்தான் உண்டு. ‘எனக்குத் தெரியாமல் எடுத்துப் போய்விட்டான்’ என்று சொல்லலாம். ஆனால் உங்கள் சம்மதத்தோடுதான் ஓட்டினான் என்றே நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிக்க வேண்டியவர் நீங்கள்தான்.

எனக்கு இதைவிடப் பெரிய கவலை இன்சூரன்ஸ். பால் ஊற்றிவிட்டுத் திரும்பும் ஒருவர் மேல் பையன் மோதி அவர் இறந்துவிடுகிறார் என்று வையுங்கள். பிரீமியம் ஒழுங்காகக் கட்டியிருக்கிறோம், கம்பெனி பார்த்துக்கொள்ளும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். லைசென்ஸ் இல்லாதவர் ஓட்டியிருந்தால், அந்தக் குடும்பத்துக்குக் கம்பெனி முதலில் பணத்தைக் கொடுத்துவிட்டு, பிறகு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளலாம் என்று தீர்ப்பாயங்கள் உத்தரவிடுகின்றன. உறவுக்காரச் சிறுவன் ஒருவன் சாவியை எடுத்துப்போய் ஓட்டி உயிரிழப்பு நேர்ந்த வழக்கில், வண்டியைப் பாதுகாப்பாக வைத்துக்கொள்ள வேண்டியது உரிமையாளரின் பொறுப்பு என்று 2011-ல் உச்ச நீதிமன்றமும் அந்த வசூலை ஏற்றது. இறந்தவர் சம்பாதித்துக் குடும்பத்தைக் காப்பாற்றியவர் என்றால் இழப்பீடு பல லட்சத்துக்குப் போகும். காட்டை விற்றுக் கட்ட வேண்டி வரலாம். கீழே விழுந்து அடிபடுவது உங்கள் மகனே என்றாலும், பாலிசியில் இருக்கும் 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு அவனுக்கு உதவாது. அது லைசென்ஸ் உள்ள உரிமையாளருக்கு மட்டும்.

மெயின் ரோட்டைத் தொடாததால் ஆபத்து இல்லை என்று நினைக்காதீர்கள். இருட்டு பிரியாத நேரத்துக் கிராமச் சாலையில் பின்விளக்கு எரியாத டிராக்டர் நிற்கும், குறுக்கே நாய் பாயும். பிரேக்கை எப்போது பிடிப்பது, எப்போது பிடிக்காமல் விடுவது என்ற நிதானம் பழகப் பழகத்தான் வரும். 2022-ல் மட்டும் தமிழ்நாட்டுச் சாலைகளில் 17,884 பேர் இறந்தார்கள். நாடு முழுக்க இறந்தவர்களில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இருசக்கர வாகனத்தில் போனவர்கள். ஹெல்மெட் போட வைத்திருக்கிறீர்கள், மிகவும் நல்லது. விபத்தில் சாகும் வாய்ப்பை அது சுமார் 40 சதவீதம் குறைக்கிறது, பட்டையை இறுக்கிப் பூட்டியிருந்தால். ஆனால் விழுந்த பிறகுதான் அது காக்கும்.

டியூஷனுக்கு என்ன செய்வது? அதே வகுப்புக்குப் போகும் பிள்ளைகளின் பெற்றோரோடு சேர்ந்து மாத வாடகைக்கு ஆட்டோ பேசுங்கள். நேரத்தை மாற்ற முடியுமா என்று ஆசிரியரிடம் கேளுங்கள். நாலு பெற்றோர் சேர்ந்து கேட்டால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். கிட்டத்தில் என்றால் விளக்கு வைத்த சைக்கிள் போதும். 250 வாட்டுக்குக் குறைந்த மோட்டாரும் மணிக்கு 25 கிலோமீட்டருக்குக் குறைந்த வேகமும் உள்ள மின்வண்டிக்கு லைசென்ஸ் வேண்டாம். வாங்குவதானால் அரசு அங்கீகாரச் சான்றைக் கேட்டுப் பாருங்கள். வேகத்தைக் கூட்டித் தருகிறோம் என்று கடைக்காரர் சொன்னால் வாங்காமல் வந்துவிடுங்கள். கூட்டிய அன்றே அது மோட்டார் வாகனமாகிவிடும், மேலே சொன்ன அத்தனையும் அதற்கும் பொருந்தும்.