பூச்சிக்கு எண் படிக்கத் தெரியாது

அன்புள்ள ஐயா,

மகளைப் பார்க்க லீட்ஸ் வந்திருக்கிறேன். பக்கத்தில் ஒரு சிறிய அருங்காட்சியகத்தில், லினன் துணியில் ஒரு சிறுமி கம்பளி நூலால் தைத்த சாம்ப்ளர் (தையல் பழகும் மாதிரித்துணி) ஒன்றைப் பார்த்தேன். ஏ முதல் இசட் வரை எழுத்துகள், கீழே ஒரு மான், பளிச்சென்று கத்தரிப்பூ நிறத்தில் ரோஜா, கடைசியில் பெயர், ‘வயது 10’, வருடம். அங்கங்கே எழுத்துகளைப் பூச்சி அரித்திருக்கிறது. மானுக்குக் கண் இல்லை. வருடத்தில் 18 மட்டும் மிச்சம். இவ்வளவு அலட்சியமாகவா வைத்திருப்பார்கள்? பள்ளிக்கூடத் தையலைக் கண்ணாடி போட்டு மாட்டுவானேன்?

எம்.

அன்புள்ள எம்.,

அருங்காட்சியகத்தைத் திட்டாதீர்கள். உங்கள் சாம்ப்ளரில் பூச்சி மட்டும் வேலை செய்யவில்லை.

பூச்சி கம்பளியைத் தின்னும், லினனைச் சீண்டாது. அதனால் எழுத்து போய் துணி முழுசாக நிற்கும். அது சரி. மானின் கண் வேறு கதை. அன்றைக்கு நூலைக் கறுப்பாக்க இரும்பு உப்பு சேர்த்துச் சாயமேற்றுவார்கள். அந்த இரும்பே நூலை உள்ளிருந்து மெல்ல அரித்துவிடும். கறுப்பும் கரும்பழுப்பும்தான் முதலில் உதிரும்.

வருடம்தான் சுவாரசியம். பூச்சிக்கு எண் படிக்கத் தெரியாது. 18ஐ விட்டுவிட்டு அடுத்த இரண்டு இலக்கத்தை மட்டும் குறிபார்த்துத் தின்னுமா? அநேகமாகத் தைத்தவளே பிற்காலத்தில் ஊசியால் பிரித்து எடுத்திருப்பாள். இப்படி வருடம் பிரித்த சாம்ப்ளர்கள் இன்னும் உண்டு. சுவரில் மாட்டியிருக்கிறது, வந்தவர் போனவரெல்லாம் விரல்விட்டு எண்ணி அவள் வயதைக் கண்டுபிடித்துவிடுவார்களே! ‘வயது 10’ஐ விட்டுவைத்தாள் பாருங்கள், அதில் ஆபத்தில்லை.

ஆனால் ரோஜா காட்டிக்கொடுக்கிறது. 1856இல் லண்டனில் வில்லியம் பெர்கின் என்ற 18 வயதுப் பையன், மலேரியா மருந்தான கொய்னா செய்யப்போய் தற்செயலாக ‘மாவ்’ என்ற செயற்கைக் கத்தரிப்பூச் சாயத்தைக் கண்டுபிடித்தான். பெர்லினிலிருந்து வந்த கட்டம் போட்ட வண்ணத்தாளைப் பார்த்துக் கட்டத்துக்கு ஒரு தையலாகக் கம்பளிப்பூ தைத்துக்கொண்டிருந்த பெண்களுக்கு இப்படிப்பட்ட சாயங்கள் கொண்டாட்டமாகிவிட்டன. நிறம் நீங்கள் சொல்வதுபோல் பளிச்சிடுகிறதென்றால், துணி பெரும்பாலும் அதற்குப் பிந்தியது. பின்பக்கத்தைத் திருப்பிப் பார்க்க விட்டால் இன்னும் நன்றாகத் தெரியும். வெளிச்சம் படாததால் பழைய நிறம் அங்கேதான் அப்படியே இருக்கும்.

பள்ளிக்கூடத் தையல் என்றீர்கள். அந்த ஏபிசிடி படிப்புக்காக மட்டும் இல்லை. பெரிய வீடுகளில் போர்வை, துவாய், மேஜைத்துணி எல்லாவற்றிலும் வீட்டுக்காரரின் முதலெழுத்தையும் வரிசை எண்ணையும் குட்டிக் குட்டி கிராஸ் ஸ்டிட்ச்சில், அதாவது பெருக்கல்குறித் தையலில், போட வேண்டியிருந்தது. நம்மூரில் சேங்கொட்டைச் சாற்றால் போட்டார்களே சலவைக்குறி, அதே வேலைதான், இங்கே ஊசியில். பிரிஸ்டலில் ஜார்ஜ் முல்லரின் அநாதை இல்லத்துப் பெண்கள் விதவிதமான அளவில் எழுத்துகளைச் சிவப்பு நூலில் நெருக்கி நெருக்கித் தைத்திருக்கிறார்கள். பூ, மானெல்லாம் அதில் அதிகம் இருக்காது. அங்கிருந்து நேரே வீட்டுவேலைக்குப் போக வேண்டியவர்கள். வேலை தெரியும் என்பதற்கு அந்தத் துணிதான் அத்தாட்சி.

போட்டோ எடுத்தீர்களா? எடுத்திருந்தால் 18க்குப் பக்கத்தில் பெரிதாக்கிப் பாருங்கள். ஒவ்வொரு கிராஸுக்கும் நான்கு மூலையில் நான்கு ஓட்டை. நூலைப் பிரித்தாலும் ஊசித்தடம் லேசில் மறையாது. எண்ணிப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.