இலைத் தேயிலைக்கு ஏற்ற பிளாஸ்க்: கேள்வி பதில்

மாதம் இரண்டு முறை காரைக்குடியிலிருந்து பல்லவன் ரயிலில் சென்னை போகிறேன் அண்ணே. இலையை பிளாஸ்கிலேயே போட்டுக்கொள்ளலாமா?

போடலாம், ஆனால் நினைத்த நேரத்தில் இலையை வெளியே எடுக்க வழி இருக்க வேண்டும். பிளாஸ்க் தண்ணீரை ஆறவிடாது. அதனால் இலை உள்ளே இருக்கும்வரை சாறு இறங்கிக்கொண்டே இருக்கும். கறுப்புத் தேயிலைக்கு 3, 4 நிமிடம் போதும். புதுக்கோட்டை தாண்டும்போது திறந்தால் வாயில் வைக்க முடியாத துவர்ப்பு.

கழுத்தில் மட்டும் சல்லடை வைத்த பிளாஸ்கை வாங்காதீர்கள். அது இலை வாய்க்கு வராமல் தடுக்கும், அவ்வளவுதான். இலை தண்ணீரிலேயே கிடக்கும். அடிவரை இறங்கும் ஆழமான கூடை, தூக்கி எடுக்கும்படி இருக்க வேண்டும். முழு இலை ஊறினால் பல மடங்கு விரியும். சின்ன உருண்டை வடிகட்டியில் அதற்கு இடமில்லை. 100 மில்லிக்கு 2 கிராம் கணக்கில் 350 மில்லி பிளாஸ்குக்கு 7 கிராம். அப்புறம், கை நுழையும் அளவுக்கு வாய் அகலமாகப் பாருங்கள். கழுவ முடியாத பிளாஸ்கில் நல்ல டீ வராது.

கண்ணாடியா, எவர்சில்வரா? (தேவகோட்டை)

பஸ்ஸில் போகிறவருக்கு எவர்சில்வர். 304 என்று எவர்சில்வர் ரகத்தின் எண் அடியில் போட்டிருக்கிறதா பாருங்கள். 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல். டீக்கு 316 ரகம் தேவையில்லை. இரட்டைச் சுவர்க் கண்ணாடியில் ருசி சுத்தமாக இருக்கும், சூடு அவ்வளவு நேரம் நிற்காது.

பால் டீ ஊற்றி வைக்கலாமா?

வேண்டாம். 60 டிகிரிக்குக் கீழே இறங்கியதும் பாலில் கிருமி பெருகும். மூடி வளையத்தில் ஏறிய பால் வாடையும் போகாது.

கிரீன் டீ கசக்கிறது.

கொதிநீரை அப்படியே ஊற்றியிருப்பீர்கள். 75, 80 டிகிரிக்கு ஆறவிட்டு ஊற்றுங்கள். 2 நிமிடத்தில் இலையை எடுத்துவிடுங்கள்.

எங்கள் அப்பத்தா எனாமல் கெட்டிலில் போட்ட டீயின் மணம் எந்த பிளாஸ்கிலும் வராது. (கண்டனூர்)

கெட்டில் இல்லை ஆச்சி, அது தண்ணீர். சம்பை ஊற்றுத் தண்ணீர்! (காரைக்குடி)

தண்ணீரில் என்ன இருக்கிறது? எல்லாம் தேயிலைதான். (பள்ளத்தூர்)

பள்ளத்தூர்க்காரர் சொல்வதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஒரே தேயிலையை ஊற்றுத் தண்ணீரில் ஒன்று, போர் தண்ணீரில் ஒன்று என இரண்டு டம்ளர் போட்டு வையுங்கள். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் மேலே ஆடை மாதிரி மெல்லிய படலம் மிதக்கும். தண்ணீரிலுள்ள சுண்ணாம்புச் சத்து தேயிலையின் துவர்ப்புச் சத்தோடு சேர்வதால் வருவது அது. எலுமிச்சை நாலு சொட்டு விட்டால் மறையும். பிளாஸ்கின் உள்சுவரில் பழுப்புக் கறை சீக்கிரம் ஏறுவதும் இந்தத் தண்ணீரால்தான். ஆகவே ஊற்றுத் தண்ணீர்க்காரர் பக்கம்தான் நான். கண்டனூர் ஆச்சி சொன்னதும் தவறில்லை: அப்பத்தாவின் கெட்டிலில் இலை விரிய இடம் இருந்தது, ஊறியதும் உடனே வடித்தார்கள். ஆழமான கூடை வைத்த பிளாஸ்கில் அதையே செய்யலாம்.

பால் பவுடர் போடலாமா?

மேலே சொன்னதுதான். பால் எந்த உருவத்திலும் வேண்டாம்.

எந்த பிராண்ட்?

பிராண்டைவிட சோதனை முக்கியம். கடையில் கொதிநீர் கேட்டு ஊற்றி மூடி, 5 நிமிடம் கழித்து வெளிச்சுவரைத் தொடுங்கள். சுட்டால் இரண்டு சுவருக்கு நடுவே வெற்றிடம் இல்லை. 1892இல் விஞ்ஞானி ஜேம்ஸ் டியூவர் செய்ததிலிருந்து பிளாஸ்கின் உயிரே அந்த வெற்றிடம்தான். கீழே விழுந்து நசுங்கிய பிளாஸ்குக்கும் இதே சோதனை.

ஸ்டீலா, கண்ணாடியா?

தேவகோட்டைக்காரருக்குச் சொன்ன பதிலைப் பாருங்கள்.

தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து பழனி நடக்கிறோம். தோளில் சுமக்க எது நல்லது?

அரை லிட்டருக்கு மேல் வேண்டாம், நடக்க நடக்கக் கனக்கும். கூடைகூடத் தேவையில்லை. பிளாஸ்கில் வெறும் கொதிநீர் மட்டும் எடுத்துப் போங்கள். ஊற்றுவதற்கு முன் கொஞ்சம் கொதிநீர் விட்டு அலசிக் கொட்டினால் சூடு கூடுதலாக நிற்கும். இலையை ஈரம் படாத பொட்டலமாகத் தனியே வையுங்கள். உட்காரும் இடத்தில் டம்ளரில் போட்டு, நாலு நிமிடத்தில் வடித்துக் குடியுங்கள்.