அப்பா, அம்மா போன பிறகு பங்கு யாருக்கு எவ்வளவு? சிவில் வக்கீலின் கேள்வி பதில்

ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்து ஒன்றாக்கிவிட்டேன். பதில்கள் 1956-ம் வருட இந்து வாரிசுரிமைச் சட்டத்தை வைத்துச் சொல்லப்பட்டவை. வேறு சட்டம் பொருந்துகிறவர்களுக்கு அந்தந்த இடத்தில் சொல்லியிருக்கிறேன். பத்திரம் பார்க்காமல் சொல்லும் பதிலுக்கு ஒரு எல்லை உண்டு. வழக்குப் போடும் முன் தாய்ப்பத்திரம் தொடங்கி எல்லாவற்றையும் ஒரு வக்கீலிடம் நேரில் காட்டிவிடுங்கள்.

கேள்வி: மேடம், அப்பா உயில் எழுதாமல் தவறிவிட்டார். அம்மா, இரண்டு அண்ணன்கள், நான். "உனக்குத்தான் நகை போட்டு, சீர் செய்து கட்டிக்கொடுத்தாச்சே, இன்னும் என்ன பங்கு?" என்கிறார்கள். சட்டமும் அப்படித்தான் சொல்கிறதா?

இல்லை. அப்பா சொந்தமாக வாங்கிய சொத்து என்றால் உங்கள் நான்கு பேருக்கும் ஆளுக்கு நாலில் ஒன்று. அப்பாவைப் பெற்ற பாட்டி உயிரோடு இருந்தால் அவரும் முதல் வகுப்பு வாரிசு, அதாவது உங்களோடு சமமாக முதலில் பங்கு பெறுகிறவர். அப்போது ஐந்து பங்கு. பாட்டியை முக்கால்வாசிக் குடும்பங்கள் மறந்துவிடுகின்றன, பிறகு பத்திரப்பதிவில் சிக்கல் வந்து நிற்கிறது.

கல்யாணச் செலவைப் பங்கில் கழிக்கும் வழக்கம் வீட்டில் இருக்கலாம், சட்டத்தில் இல்லை. நீங்கள் எப்போதாவது விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டீர்களா என்பதுதான் முக்கியம். அப்பா உயிரோடு இருக்கும்போதே "எனக்கு இனி வரப்போகும் பங்கை விட்டுவிட்டேன்" என்று எழுதிக்கொடுத்தது பொதுவாகச் செல்லாது, ஏனென்றால் அப்போது உங்களுக்குப் பங்கே பிறக்கவில்லை. ஆனால் அதற்கு ஈடாகப் பணம் வாங்கியிருந்தால், பிறகு வந்து பங்கு கேட்பதைக் கோர்ட் தடுக்கக்கூடும்.

கேள்வி: எங்கள் அப்பா 1998-ல் இறந்தார். 2005 சட்டத்துக்கு முன்னாலேயே போய்விட்டதால் பெண்பிள்ளைகளுக்கு ஒன்றும் கிடையாது என்று தம்பியின் வக்கீல் சொல்கிறாராம். நாங்கள் மூன்று அக்கா தங்கைகள்.

முதலில் ஒன்று தெரிய வேண்டும்: அந்தச் சொத்து அப்பாவுக்கு எப்படி வந்தது? என்னிடம் வரும் யாரிடமும் முதலில் இதைத்தான் கேட்பேன். அவர் சம்பாதித்து வாங்கியது என்றால் 2005-க்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. 1956 முதலே மகனும் மகளும் அதில் சமம்.

பூர்வீகச் சொத்து, அதாவது முன்னோர் வழியில் பிரிக்காமல் வந்த குடும்பச் சொத்து என்றால்தான் தேதிகள் வருகின்றன. தமிழ்நாட்டில் 25.3.1989 முதல், அன்று கல்யாணம் ஆகாதிருந்த மகள்களுக்கு மகன்களைப் போலவே பிறப்புரிமை கொடுத்தார்கள். 9.9.2005-ல் மத்திய சட்டம் திருத்தப்பட்டு, கல்யாணம் ஆனவர், ஆகாதவர் என்ற பேதம் போயிற்று. அன்றைக்கு அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டுமா என்று பல வருடம் இழுபறியாக இருந்ததை, வினீதா சர்மா வழக்கில் 11.8.2020-ல் உச்ச நீதிமன்றம் தீர்த்துவைத்தது: உரிமை பிறப்பால் வருவது, அப்பா அன்று இருந்தாரா என்பது கேள்வியே இல்லை. 20.12.2004-க்கு முன்பே பதிவான பாகப்பிரிவினைப் பத்திரத்தாலோ கோர்ட் டிக்ரியாலோ (தீர்ப்பாணையாலோ) பிரிந்துபோன சொத்தை மறுபடி கிளற முடியாது.

இதில் பலர் இடறும் இடம் "பூர்வீகம்" என்ற சொல். தாத்தா சம்பாதித்த சொத்து, அவர் 1956-க்குப் பிறகு உயில் எழுதாமல் இறந்து உங்கள் அப்பாவுக்கு வந்திருந்தால், அது அப்பாவின் தனிச்சொத்து. 1986-ல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. "தாத்தா சொத்து பேரனுக்குத்தான்" என்று பேசுகிறவர்கள் இதைக் கேட்டால் நம்புவதில்லை. அந்தச் சொத்தை அப்பா விற்கலாம், யாருக்கு வேண்டுமானாலும் உயில் எழுதலாம். எழுதாமல் இறந்தால் மனைவி, மக்கள் எல்லோருக்கும் சமம்.

கேள்வி: அம்மா எழுதியதாக அண்ணன் ஒரு உயிலைக் காட்டுகிறான். வீடு முழுக்க அவனுக்காம். பதிவு செய்யவில்லை. அந்த நேரத்தில் அம்மாவுக்கு ஆட்களையே அடையாளம் தெரியவில்லை, அக்கா.

பதிவு செய்யாததால் மட்டும் உயில் செல்லாமல் போகாது. உயிலுக்குப் பதிவு கட்டாயம் இல்லை, முத்திரைத்தாளும் தேவையில்லை. இரண்டு சாட்சிகள் கையெழுத்து போட்டிருக்க வேண்டும். அவர்களில் ஒருவராவது உயிரோடு இருந்தால் கூண்டில் ஏறிச் சொல்ல வேண்டும். உயிலை நிரூபிக்க வேண்டியது அண்ணன்தான். பயனடைகிறவரே முன்னின்று எழுதவைத்தது, காரணமில்லாமல் மற்ற பிள்ளைகளை ஒதுக்கியது, உடம்பு முடியாத நேரத்துக் கையெழுத்து என்று சந்தேகத்துக்கு இடம் இருந்தால், அந்தச் சந்தேகத்தைத் தீர்க்கும் பொறுப்பும் அவருடையதே. ஆஸ்பத்திரி ரெக்கார்டு, மருந்துச் சீட்டு, அந்தக் காலத்து பேங்க் கையெழுத்துகள் எல்லாவற்றையும் இப்போதே திரட்டுங்கள். நாளாக ஆக இவை கிடைக்காது.

எல்லாவற்றுக்கும் முன்னால், வீடு யார் பேரில் இருந்தது? அப்பா வாங்கி, உயில் இல்லாமல் இறந்த வீடு என்றால் அம்மாவுக்கு அதில் ஒரு பங்குதான். தன் பங்குக்குத்தான் அம்மா உயில் எழுத முடியும். உயில் உண்மையாகவே இருந்தாலும் உங்கள் பங்கை அது தொடாது.

கேள்வி: பேங்க் டெபாசிட்டுக்கு தங்கைதான் நாமினி. பணம் முழுக்க அவளுக்கா?

பேங்க் அவரிடம்தான் கொடுக்கும். வாங்கியவர் மற்ற வாரிசுகளுக்குப் பிரித்துக்கொடுக்கக் கடமைப்பட்டவர். ஷேர், மியூச்சுவல் ஃபண்டுக்கும் இதே நிலைதான் என்று 2023 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆயுள் காப்பீட்டில் மட்டும் 2015 திருத்தத்துக்குப் பிறகு வாதம் வேறு மாதிரி போகிறது. பாலிசியைக் காட்டிக் கேளுங்கள்.

கேள்வி: தம்பி தாலுகா ஆபீசில் பட்டாவைத் தன் பேருக்கு மட்டும் மாற்றிக்கொண்டான். எல்லாம் போச்சா?

போகவில்லை. பட்டா உரிமைப் பத்திரம் ஆகாது. வாரிசுகளை மறைத்து மாற்றியதை எதிர்த்துக் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம். கூடவே வில்லங்கச் சான்றிதழ் போட்டு, அந்தப் பட்டாவை வைத்து அவர் கிரயமோ அடமானமோ செய்திருக்கிறாரா என்று இந்த வாரமே பாருங்கள்.

கேள்வி: அப்பா அம்மா இருவரையும் கடைசிவரை நான்தான் பார்த்தேன். வேலையை விட்டேன். வெளிநாட்டில் இருக்கும் அண்ணன் இரண்டு சாவுக்கும் வந்து போனதோடு சரி. அவனுக்கும் எனக்கும் சரிபாதியா? இது நியாயமா மேடம்?

சரிபாதிதான். நியாயமா என்று கேட்டால் எனக்கும் உறுத்துகிறது. பார்த்துக்கொண்டவருக்குக் கூடுதல் பங்கு என்று நம் சட்டத்தில் ஒரு வரிகூட இல்லை. அது பெற்றோர் உயில் மூலமோ தானசெட்டில்மென்ட் மூலமோ செய்திருக்க வேண்டிய காரியம். கோர்ட்டில் போய் "நான் இத்தனை வருடம் பார்த்தேன்" என்று சொன்னால், நீதிபதி மனதார வருத்தப்பட்டாலும் டிக்ரி பாதிக்குத்தான் வரும்.

அதனால் உங்களுக்கு நல்லது கோர்ட்டுக்கு வெளியேதான் இருக்கிறது. அண்ணனிடம் தியாகத்தைப் பேசாமல் கணக்கைப் பேசுங்கள். ஆஸ்பத்திரி பில், வீட்டு வரி, மராமத்து, வீட்டோடு இருந்து பார்க்க ஆள் வைத்திருந்தால் ஆகியிருக்கும் சம்பளம் என்று ஒரு தாளில் எழுதி அனுப்புங்கள். "நீ பார்க்கவில்லை" என்றால் அவர் சண்டைக்கு வருவார். தொகையைப் பார்த்தால் பேச்சுக்கு வருவார். உங்கள் கைக்காசில் மாடி கட்டியிருந்தால் ரசீதுகளை வைத்துக்கொள்ளுங்கள். பிரிக்கும்போது அந்தப் பகுதியை உங்களுக்கே ஒதுக்கச் சொல்லிக் கோர்ட்டிலும் கேட்கலாம்.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள். சாவி உங்களிடம் இருக்கிறது என்பதற்காக அண்ணனை உள்ளே விடாமல் பூட்டாதீர்கள். அது உங்கள் பக்க நியாயத்தையே கெடுத்துவிடும்.

கேள்வி: ஒரே வீடு, மூன்று பேர். பிரிக்க வழியில்லை. நடுத்தம்பி தன் பங்கை வெளியாளுக்கு விற்றுவிடுவேன் என்று மிரட்டுகிறான்.

மிரட்டலில் பாதிதான் பலம். அப்பாவிடமிருந்து வாரிசாக வந்த சொத்து என்றால், ஒருவர் விற்கும்போது அதை வாங்க மற்ற வாரிசுகளுக்கு முன்னுரிமை உண்டு. வாரிசுரிமைச் சட்டம் 22-ம் பிரிவு. விலை ஒத்துவராவிட்டால் கோர்ட் நிர்ணயிக்கும். அதையும் மீறி விற்றாலும், பிரிக்கப்படாத குடும்பக் குடியிருப்பில் பங்கு வாங்கிய வெளியாள் உங்களோடு வந்து குடியேற உரிமை கிடையாது. அவர் பாகம் கேட்டு வழக்குப் போட்டால், 1893-ம் வருடப் பாகப்பிரிவினைச் சட்டப்படி அந்தப் பங்கை நீங்கள் விலை கொடுத்து வாங்கிக்கொள்ளலாம். விஷயம் தெரிந்தவர் யாரும் இப்படிப்பட்ட பங்கை நல்ல விலைக்கு வாங்கமாட்டார் என்பதைத் தம்பிக்கு நிதானமாக எடுத்துச் சொல்லுங்கள்.

மூவரில் யாருக்கு வீடு வேண்டும் என்று தங்களுக்குள்ளேயே ஏலம் வைத்துக்கொள்வது நல்ல வழி. அதிகம் சொன்னவர் எடுத்துக்கொண்டு மற்ற இருவருக்கும் பணம் தரட்டும், அவர்கள் விடுதலைப் பத்திரம் எழுதட்டும்.

கேள்வி: அப்பா இறந்து 15 வருடம் ஆகிவிட்டது. 12 வருடம் தாண்டினால் பங்கு கேட்க முடியாது என்கிறார்களே?

12 வருடம் அப்பா இறந்த நாளிலிருந்து ஓடாது. கூட்டுச் சொந்தக்காரரில் ஒருவர் அனுபவித்தால் அது எல்லோருக்காகவும் அனுபவிப்பதாகவே கணக்கு. "உனக்கு இதில் பங்கே இல்லை" என்று வெளிப்படையாக மறுத்தது எப்போது உங்களுக்குத் தெரிந்ததோ, 12 வருடம் அன்றிலிருந்துதான் ஓடும். அண்ணன் அப்படி வக்கீல் நோட்டீசில் எழுதியிருந்தால் காலண்டரைப் பாருங்கள்.

கேள்வி: அப்பா உயிரோடு இருந்தபோது கொடுத்த பவரை வைத்து, அவர் இறந்த பிறகு நிலத்தை விற்றிருக்கிறான் அண்ணன்.

பவர் கொடுத்தவர் இறந்ததும் பவரும் முடிந்தது. இறந்தது தெரிந்தே எழுதிய கிரயம் உங்கள் பங்கைக் கட்டுப்படுத்தாது. வாங்கியவரையும் பிரதிவாதியாகச் சேர்த்து வழக்குப் போடுங்கள். தாமதம் வேண்டாம், அவர் அடுத்தவருக்கு விற்றால் வேலை இரட்டிப்பு.

கேள்வி: அப்பாவின் இரண்டாவது தாரத்துப் பிள்ளைகளும் பங்கு கேட்கிறார்கள். முதல் மனைவி, எங்கள் அம்மா, உயிரோடு இருக்கும்போது நடந்த கல்யாணம் அது.

கல்யாணம் செல்லாது; பிள்ளைகளின் உரிமை செல்லும். அப்பாவின் தனிச்சொத்திலும், பூர்வீகத்தில் அப்பாவின் பாகத்துக்கு என்று வரும் அளவிலும் அவர்களுக்குப் பங்கு உண்டு. 2023 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது இது. அந்த இரண்டாவது மனைவிக்குப் பங்கு இல்லை. கசப்பான பதில்தான், ஆனால் அவர்களை விட்டுவிட்டு பாகப்பிரிவினை எழுதினால் பிறகு அது நிற்காது.

கேள்வி: நாங்கள் கிறிஸ்தவர்கள். எங்களுக்கு எப்படி?

1925-ம் வருட இந்திய வாரிசுரிமைச் சட்டம். மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு. மீதியை மகன், மகள் வித்தியாசமில்லாமல் பிள்ளைகள் சமமாகப் பிரிக்க வேண்டும். இஸ்லாமியர் ஒருவரும் கேட்டிருந்தார்: அங்கே மகனுக்கு இரண்டு பங்கு என்றால் மகளுக்கு ஒன்று, உயில் பொதுவாக மூன்றில் ஒரு பங்குவரைதான்.

கேள்வி: வழக்குப் போட என்னிடம் பணமில்லை. புருஷன் வீட்டிலும் ஆதரவில்லை. பல வருடம் இழுக்கும் என்று எல்லோரும் பயமுறுத்துகிறார்கள்.

இழுக்கும், மறைக்கமாட்டேன். முதலில் யாருக்கு எவ்வளவு என்று முதல்நிலை டிக்ரி. பிறகு கமிஷனர் வந்து அளந்து, எந்தப் பகுதி யாருக்கு என்று இறுதி டிக்ரி. இரண்டுக்கும் நடுவில் அப்பீல். முதல் டிக்ரியோடு ஜெயித்துவிட்டதாக வீட்டுக்குப் போய் உட்கார்ந்துவிடுகிறவர்களும் உண்டு.

ஆனால் பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவச சட்ட உதவி உண்டு. 1987-ம் வருடச் சட்டம். உங்கள் மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கும், மனு கொடுங்கள். வழக்கு நடக்கும்போதே சமரச மையத்துக்கோ லோக் அதாலத்துக்கோ அனுப்பச் சொல்லிக் கேட்கலாம். லோக் அதாலத்தில் முடிந்தால் கோர்ட் கட்டணம் திரும்பக் கிடைக்கும், அதன்மேல் அப்பீலும் கிடையாது.

கேள்வி: எங்களுக்குள் சண்டையில்லை அக்கா. அம்மா இருக்கிறார். வெள்ளைத்தாளில் கூர்ச்சீட்டு எழுதி எல்லோரும் கையெழுத்துப் போட்டுவிட்டோம். போதும்தானே?

ஏற்கெனவே வாய்மொழியாகப் பிரித்துக்கொண்டதை நினைவுக்காக எழுதிவைத்தது என்றால் பதிவு இல்லாமலும் மதிப்பு உண்டு. அந்தத் தாளால்தான் பாகம் பிரிகிறது என்றால் பதிவு கட்டாயம். "இன்று முதல் இன்னாருக்கு இது" என்று எழுதியிருக்கிறீர்களா பாருங்கள்; பெரும்பாலும் அப்படித்தான் எழுதுகிறார்கள். இன்று சண்டையில்லை, சரி. நாளை பேங்க் லோனுக்கோ விற்பனைக்கோ போகும்போது அந்தத் தாளை யாரும் ஏற்கமாட்டார்கள். இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், வில்லங்கம் எடுத்துக்கொண்டு முறையாகப் பாகப்பிரிவினைப் பத்திரம் பதிந்துவிடுங்கள். குடும்பத்துக்குள் எழுதும் பத்திரத்துக்கு முத்திரைத்தீர்வை, கிரயத்தைவிட மிகக் குறைவு, உச்சவரம்பும் உண்டு.

நீங்கள் அனுப்பிய நகலில் அம்மா பெயருக்கு நேரே ஒன்றுமே இல்லை. "பிள்ளைகளுக்கே இருக்கட்டும்" என்று அவர் சொல்லியிருப்பார். அதை அப்படியே ஏற்காதீர்கள். அவருடைய பங்கை அவர் பேரிலேயே வையுங்கள், இல்லையென்றால் வீட்டில் ஆயுள்வரை குடியிருக்கும் உரிமையையாவது பத்திரத்தில் எழுதுங்கள். பதிவுக்கு முன்னால், உங்கள் யார் பக்கமும் சேராத ஒரு வக்கீல் அவருக்குத் தனியாகப் படித்துக் காட்டட்டும்.