இறக்குமதிக்கு முன்னால் நிற்கும் கழித்தல் குறி

அன்புள்ள ஐயா,

மொத்த உள்நாட்டு உற்பத்திக்குப் பாடப்புத்தகம் தரும் சூத்திரம்: நுகர்வு + முதலீடு + அரசுச் செலவு + ஏற்றுமதி − இறக்குமதி. அப்படியானால் இறக்குமதியைக் குறைக்கக் குறைக்க உற்பத்தி கூடத்தானே வேண்டும்? நீங்களோ பஞ்சு இறக்குமதி வரி பின்னலாடை ஏற்றுமதிக்குக் கேடு என்று எழுதியிருந்தீர்கள். பஞ்சு விவசாயி பிழைக்க வேண்டாமா?

க., ஈரோடு

அன்புள்ள க.,

பொருளியல் படிக்கிறவர்கள் பலரும் இடறும் இடம் இது. ஒரு பனியன் கம்பெனி 20,000 ரூபாய்க்கு ஒரு சீனத் தையல் இயந்திரம் வாங்கினால், அந்தத் தொகை 'முதலீடு' என்ற தலைப்பில் ஏறிவிடுகிறது. அது இங்கே செய்யப்பட்டதல்ல என்பதால் கடைசியில் அதே 20,000-ஐ இறக்குமதி என்று கழிக்கிறார்கள். தவறி ஏறியதை இறக்கி வைக்கும் வேலைதான் அந்தக் கழித்தல் குறிக்கு. இயந்திரத்தை வாங்காமலே விட்டால் இரண்டு பக்கமும் 20,000 குறையும்; உற்பத்தி ஒரு ரூபாய்கூட ஏறாது. அதில் தைத்திருக்கக்கூடிய பனியன்தான் போச்சு.

ஏற்றுமதித் தொகையிலும் இதே சிக்கல் உண்டு. தமிழ்நாட்டின் மின்னணுப் பொருள் ஏற்றுமதி 2023-24-இல் 956 கோடி டாலர், அடுத்த ஆண்டே 1,465 கோடி டாலர். பெரிய பாய்ச்சல்தான். ஆனால் ஒரு பேச்சுக்கு, 500 டாலருக்குப் போகிற கைபேசியில் சிப், திரை, கேமரா என்று 400 டாலர் சரக்கு வெளியிலிருந்து வந்தது என்றால், இங்கே தங்குவது 100. பட்டியலில் மட்டும் 500 என்றே நிற்கும். பின்னலாடை அப்படியில்லை. பஞ்சு பெரும்பாலும் குஜராத், மகாராஷ்டிரத்திலிருந்து வருகிறது. நூற்பு, பின்னல், சாயம், தையல் எல்லாம் கொங்கு வட்டாரத்திலேயே நடக்கிறது. ஒரு டாலர் வந்தால் அதில் பெரும்பங்கு உள்ளேயே தங்கும்.

இனி பஞ்சு வரி. 2021 பட்ஜெட்டில் 5% சுங்கவரி, 5% வேளாண் கட்டமைப்பு வரி, இந்த இரண்டு வரித்தொகையின் மேல் 10% சமூகநலக் கூடுதல் வரி (அதாவது 1%), ஆக 11% போட்டார்கள். இறக்குமதியாகும் பஞ்சு கொஞ்சம்தானே, என்ன ஆகிவிடும் என்று தோன்றும். வெளிப்பஞ்சு வரியோடு துறைமுகத்தில் வந்து இறங்கும் விலை எதுவோ, உள்ளூர்ப் பஞ்சும் அதுவரை ஏற இடமிருக்கிறது. 2022 மே மாதம் ஒரு கண்டி, அதாவது 356 கிலோ, ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியது. உலக விலையே அப்போது உச்சத்தில் இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். அந்த ஏப்ரலிலேயே வரியை நிறுத்தி வைத்து, அக்டோபர் வரை நீட்டித்தார்கள்; ஆகவே அந்த உச்சத்துக்கு வரியை மட்டும் குற்றம் சொல்ல முடியாது.

ஏற்றுமதிக்கான மூலப்பொருளை வரியில்லாமல் கொண்டுவர 'அட்வான்ஸ் ஆத்தரைசேஷன்' என்ற முன் அனுமதி இருக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். பொதுவாக, இறக்கிய சரக்கின் மதிப்பைவிட 15 சதவீதமாவது கூடுதல் மதிப்புக்கு ஏற்றுமதி காட்ட வேண்டும், 18 மாதத்துக்குள் ஏற்றுமதியை முடிக்க வேண்டும். ஆர்டர் ரத்தாகிக் கெடு தவறினால், கட்டாமல் விட்ட வரியை வட்டியோடு கட்ட வேண்டும். பஞ்சைத் தானே இறக்குகிற பெரிய மில்லுக்கு இது சரி. நூலைக் கிலோக் கணக்கில் உள்ளூரில் வாங்கும் சிறு கம்பெனிக்கு அந்தச் சுமை நூல் விலைக்குள் ஒளிந்து வருகிறது. மூலப்பொருளில் கட்டிய வரியை ஏற்றுமதியின்போது அரசு திருப்பித் தரும் 'டிராபேக்' இருக்கிறது; ஆனால் அது ஒரு சராசரி விகிதம். அதோடு, இறக்குமதி விலையைப் பார்த்து ஏறிய உள்ளூர்ப் பஞ்சின் விலை அரசுக்குக் கட்டிய வரியே அல்ல. கட்டாததை யார் திருப்பித் தருவார்கள்?

விவசாயியைக் கேட்டீர்கள், நியாயம். அவர் கையில் பஞ்சு இருப்பது பெரும்பாலும் அக்டோபர் முதல் மார்ச் வரை. அதற்குப் பிறகு சரக்கு வியாபாரியிடமும் மில் கிடங்கிலும்தான். ஆகவே கோடையில் வரியை நிறுத்தினால் விவசாயிக்கு இழப்பு குறைவு. 2025 ஆகஸ்ட் 19-இல், அமெரிக்காவின் 50% வரி 27-ஆம் தேதி அமலாகவிருந்த நெருக்கடியில், செப்டம்பர் வரை வரியை நிறுத்தியது எனக்குச் சரியாகவே படுகிறது. அதை டிசம்பர் கடைசி வரை நீட்டித்தது அறுவடைக் காலத்தில் போய் மோதியது. அதை எதிர்த்த விவசாயிகள் பக்கமே நான். வரியைப் பருவம் பார்த்துப் போட முடியும். ஏனோ செய்வதில்லை.

இன்னொன்று. 2024-25-இல் நம் சரக்கு ஏற்றுமதி ஏறக்குறைய 43,700 கோடி டாலர், இறக்குமதி 72,000 கோடி. தொலைக்காட்சிகள் இந்தப் பள்ளத்தைக் காட்டிப் பதறும். சேவைத் துறை உபரி, வெளிநாட்டில் இருப்பவர்கள் அனுப்பும் பணம் எல்லாம் சேர்ந்த பிறகு நடப்புக் கணக்குப் பற்றாக்குறை 2,330 கோடி டாலர், உள்நாட்டு உற்பத்தியில் 0.6 சதவீதம்தான்.

மாத நடுவில் வணிக அமைச்சகம் வெளியிடும் அறிக்கையில் 'பெட்ரோலியம், நகை நீங்கலான ஏற்றுமதி' என்று ஒரு தலைப்பு இருக்கும். முதலில் அதைப் பாருங்கள். கச்சா எண்ணெய் வாங்கி ஜாம்நகரில் டீசலாக்கி அனுப்புவதும், பட்டை தீட்டாத வைரத்தை வாங்கி சூரத்தில் தீட்டி அனுப்புவதும் அதில் சேராது. எண்ணெய் விலை ஏறியதாலேயே ஏற்றுமதி ஏறியதுபோல் தெரியும் மயக்கம் இருக்காது. கைபேசிப் பாகங்களை மட்டும் அந்தத் தலைப்பும் கழிப்பதில்லை. அதற்கு இறக்குமதி அட்டவணையில் மின்னணுப் பொருள் எண்ணை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.