2016 மாடல் கார்புரேட்டர் பைக்கில் இ20 பெட்ரோல் போட்டால் என்ன கெடும்? காற்று மாசாவது குறையுமா?

கேட்டவர் வைத்திருப்பது 2016 மாடல் 125 சிசி பைக். பங்க்கில் இப்போது கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல், அதாவது இ20. வண்டி கெட்டுவிடுமா, இதனால் காற்றுக்கு நன்மை உண்டா என்று இரண்டு கேள்வி கேட்டிருக்கிறார்.

என்ஜின் ஒரே நாளில் போய்விடும் என்று பரவும் வீடியோக்களை நம்ப வேண்டாம். அதற்காக "பழைய வண்டிக்கும் ஒன்றும் ஆகாது" என்று சொல்வதையும் அப்படியே ஏற்க முடியாது. இ20-ஐத் தாங்கும் ரப்பர், உலோகப் பாகங்களோடு வண்டிகள் வரத் தொடங்கியதே 2023 ஏப்ரலில்தான். அதற்கேற்ப என்ஜின் டியூனிங் வந்தது 2025 ஏப்ரலில். உங்கள் வண்டிக்கு இரண்டும் கிடையாது. ஒன்றும் ஆகாது என்பவர்கள் பிரேசிலைக் காட்டி வாதாடுகிறார்கள். அங்கே 1970-களிலிருந்தே எத்தனாலுக்கு ஏற்ற வண்டிகளைச் செய்து பழகியிருக்கிறார்கள். அமெரிக்காவிலோ 15 சதவீதக் கலவைக்கே மோட்டார் சைக்கிள்களுக்கு அனுமதி இல்லை.

முதலில் ரப்பர். டேங்க்கிலிருந்து கார்புரேட்டருக்கு வரும் பெட்ரோல் டியூப், பெட்ரோல் காக்கின் வாஷர், ஃப்ளோட் பவுல் (கார்புரேட்டரின் அடியில் பெட்ரோல் தேங்கும் கிண்ணம்) ஓ-ரிங், அந்தப் பவுல் நிரம்பியதும் பெட்ரோலை அடைக்கும் ஃப்ளோட் நீடிலின் ரப்பர் முனை, இந்த நான்கையும் பாருங்கள். பழைய நைட்ரைல் ரப்பர் எத்தனாலில் ஊறி உப்பும், காய்ந்தால் விரிசல் விடும். டியூபை நகத்தால் அழுத்துங்கள். பள்ளம் எழும்பாமல் நின்றாலோ கையில் பிசுபிசுப்பு ஒட்டினாலோ மாற்றிவிடுங்கள். கடையில் வெறும் "பெட்ரோல் டியூப்" என்று கேட்காமல் உள்ளே வைட்டான் (எத்தனாலைத் தாங்கும் ரப்பர்) பூச்சுள்ளது என்று கேளுங்கள். மேலே எஸ்ஏஇ ஜே30 ஆர்9 என்று அச்சிட்டிருந்தால் சரியானது. உள்விட்டம் பழைய டியூபின் அளவிலேயே இருக்கட்டும்.

இந்த நான்கில் ஆபத்தானது நீடில் முனைதான். அது உப்பினால் சரியாக மூடாது. ஓவர்ஃப்ளோ குழாயில் பெட்ரோல் சொட்டும். அந்தக் குழாய் அடைத்திருந்தால் பெட்ரோல் என்ஜினுக்குள் இறங்கி ஆயிலோடு கலந்துவிடும். டிப்ஸ்டிக்கில் ஆயில் மட்டம் தானாக ஏறியிருந்து பெட்ரோல் வாடையும் அடித்தால் வண்டியை ஸ்டார்ட் செய்யாதீர்கள். நீடிலையும் ஆயிலையும் மாற்றிய பிறகே ஓட்ட வேண்டும்.

எத்தனாலுக்கு அழுக்கைக் கரைக்கும் குணம் உண்டு. பல வருடமாக டேங்க்கில் படிந்த பிசினும் துருவும் கழன்று வரும். அதனால் முதல் இரண்டு, மூன்று டேங்க் ஓடியதும் ஃபில்டரையும் பவுலையும் ஒருமுறை கழற்றிச் சுத்தம் செய்வது நல்லது.

அடுத்தது பெட்ரோலும் காற்றும் சேரும் கலவை. ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்குள்ளேயே ஆக்சிஜன் இருப்பதால் அதற்கு 9 கிலோ போதும். இ20-க்குச் சுமார் 13.5. பிஎஸ்6 மாசு விதிப்படி வந்த புதிய வண்டிகளில் ஆக்சிஜன் சென்சார் இந்த வித்தியாசத்தைப் பெரும்பாலும் தானே சரிசெய்துகொள்ளும். கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் ஜெட்டின் துளை எவ்வளவோ அவ்வளவுதான், அதனால் கலவை லீன் ஆகிறது, அதாவது எரிபொருளுக்குத் தேவையானதைவிடக் காற்று கூடிவிடுகிறது. காலையில் சோக் போட்டும் ஸ்டார்ட் ஆகத் தாமதம், பிக்கப்பில் ஒரு தயக்கம், ஆக்சிலேட்டரை விட்டதும் சைலன்சரில் பட் பட் என்று சத்தம், இவைதான் அடையாளம். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். இளம் காப்பி நிறமாக இருக்க வேண்டியது சுண்ணாம்பு போல வெளுத்திருந்தால் சந்தேகமே வேண்டாம்.

அப்போது கார்புரேட்டரில் கலவையைச் சரிசெய்யும் மிக்சர் ஸ்க்ரூவைக் கால் சுற்று, அதிகபட்சம் அரைச் சுற்று ரிச் பக்கம் (பெட்ரோல் பங்கு கூடும் பக்கம்) திருப்புங்கள். எந்தப் பக்கம் என்பதில்தான் பலர் தவறு செய்கிறார்கள். ஸ்க்ரூ என்ஜின் பக்கம் இருந்தால் வெளியே திருப்பினால் ரிச். ஏர் ஃபில்டர் பக்கம் இருந்தால் உள்ளே திருப்பினால் ரிச். முழு வேகத்திலும் தயங்கினால் மட்டும் மெயின் ஜெட்டை ஒரு சைஸ் கூட்டலாம்.

மைலேஜ் குறையும், ஆனால் சொல்கிற அளவுக்கு இல்லை. ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் ஆற்றல் பெட்ரோலில் மூன்றில் இரண்டு பங்கு. கணக்குப் போட்டால் இ10-இலிருந்து (10 சதவீதம் எத்தனால்) இ20-க்கு மாறும்போது 3 முதல் 4 சதவீதம் குறைகிறது. 60 கொடுத்த வண்டி 58 கொடுக்கும். 45-க்கு இறங்கிவிட்டதென்றால் பிரேக் பிடித்துக்கொண்டு நிற்கிறதா, கிளட்ச் நழுவுகிறதா, பெட்ரோல் ஒழுகுகிறதா என்று பாருங்கள்.

வண்டியை ஒரு மாதத்துக்கு மேல் நிறுத்துவதானால் டேங்க்கை நிரப்பி, காக்கை மூடி, பவுலின் டிரெயின் ஸ்க்ரூவைத் திறந்து பெட்ரோலை வடித்துவிடுங்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும். தண்ணீர் அளவு மீறினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பிரிந்து டேங்க் அடியில் தங்கும். ரிசர்வ் துளை அங்கேதான் இருக்கிறது. அப்படிப் பிரிந்ததை எந்த அடிட்டிவும் மறுபடி சேர்க்காது, மொத்தமாக வடிக்க வேண்டியதுதான்.

எவ்வளவு எத்தனால் இருக்கிறது என்று பார்க்க 100 மி.லி. அளவு ஜாடி போதும். 20 மி.லி. தண்ணீர், 80 மி.லி. பெட்ரோல் ஊற்றி மூடிக் குலுக்கிப் பத்து நிமிடம் வையுங்கள். எத்தனால் தண்ணீரோடு போய்விடும். அடியடுக்கு 28 அருகே நின்றால் இ10, 36 அருகே நின்றால் இ20. நெருப்பு பக்கத்தில் இருக்கக் கூடாது. சோதித்த பெட்ரோலைத் திரும்ப டேங்க்கில் ஊற்றவும் கூடாது.

இப்போது காற்று மாசு. நிதி ஆயோக்கின் 2021 அறிக்கை, இ20-இல் இருசக்கர வாகனங்களின் கார்பன் மோனாக்சைடு பாதியாகக் குறைவதாகவும், ஹைட்ரோகார்பன் 20 சதவீதம் குறைவதாகவும் சொல்கிறது. நைட்ரஜன் ஆக்சைடில் தெளிவான மாற்றம் இல்லை, அசிட்டால்டிஹைடு என்ற நச்சுப்பொருள் கூடுகிறது. நுரையீரலைக் கெடுக்கும் நுண்துகளில் டீசல் லாரி, சாலைப் புழுதி, குப்பை எரிப்பு இவற்றின் பங்கை எத்தனால் தொடுவதே இல்லை. அதனால் கச்சா எண்ணெய் இறக்குமதியைக் குறைக்கும் திட்டம் என்றே இதை முதலில் பார்க்கிறேன். அதிலும் கரும்புச் சர்க்கரையிலிருந்து ஒரு லிட்டர் எத்தனால் எடுக்க 2,860 லிட்டர் தண்ணீர் போகிறது என்று அதே அறிக்கைதான் கணக்குச் சொல்கிறது. ஆற்றல் குறைவதால் இந்த எரிபொருளின் விலையும் குறைய வேண்டும் என்றும் அது எழுதியது. அது நடக்காதது பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கு அநியாயம். பங்க்கில் ஒரு இ10 பம்பாவது அவர்களுக்குக் கொடுத்திருக்க வேண்டும். இ20 அல்லாத பெட்ரோலும் வேண்டும் என்ற பொதுநல மனுவை உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பர் 1 அன்று தள்ளுபடி செய்தது.

ஒன்றைக் கவனியுங்கள். கார்புரேட்டர் வண்டியில் கார்பன் மோனாக்சைடு குறைவதற்கு முக்கியக் காரணமே கலவை லீன் ஆவதுதான். ஸ்க்ரூவை ரிச் பக்கம் திருப்பும்போது அந்த நன்மையில் ஒரு பகுதி திரும்பப் போகிறது. ஆகவே காதால் கேட்டு நிறுத்தாமல், என்ஜின் சூடான பிறகு புகைப் பரிசோதனை மையத்தில் மீட்டரைப் பார்த்தபடி திருப்புங்கள். தயக்கம் போன இடத்தில், கார்பன் மோனாக்சைடு சான்றிதழ் வரம்புக்குள் நன்றாகக் கீழே இருக்கும்போதே நிறுத்திவிடுங்கள்.