கடைகளில் வருவது நின்றுபோன பழ சிரப்புகளின் சுவையை வீட்டில் கொண்டுவர முடியுமா? எப்படிச் செய்வது?

முடியும். ஆனால் நீங்கள் தேடுவது பழத்தின் சுவையா, எசன்ஸின் சுவையா என்பதை முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள். இதைப் பிரித்துப் பார்க்காமல் இறங்கினால், நல்ல பழத்தில் நன்றாகவே செய்த சிரப்பைக் குடித்துவிட்டு "அந்த ருசி வரவில்லையே" என்று நிற்க வேண்டியிருக்கும்.

திராட்சையை எடுத்துக்கொள்வோம். பழைய ஊதா நிற சிரப்புகளிலும் ஐஸ் குச்சிகளிலும் வந்த 'திராட்சை' வாசம் பெரும்பாலும் மெத்தில் ஆந்த்ரனிலேட் என்ற பொருளின் வாசம். அமெரிக்காவின் கான்கார்ட் திராட்சையில் அது இயற்கையாகவே உண்டு. நம் கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சையின் மணம் வேறு, அதில் பூ வாசம் தூக்கலாக இருக்கும். ஆகவே பன்னீர் திராட்சையில் செய்தால் கடை சிரப்பைவிட நல்ல சிரப் கிடைக்கும், அதே சிரப் கிடைக்காது. பழைய வாசம்தான் வேண்டும் என்றால் கடைசியில் இரண்டு மூன்று சொட்டு திராட்சை எசன்ஸ் விடுங்கள். அதில் தவறே இல்லை.

ஆரஞ்சிலும் இதே கதைதான். 1993இல் பார்லே நிறுவனம் தன் குளிர்பானங்களை கோகோ கோலாவுக்கு விற்றபோது தம்ஸ் அப், லிம்கா, மாசாவோடு கோல்ட் ஸ்பாட் என்ற ஆரஞ்சு பானமும் கைமாறியது. மற்றவை தங்கின, கோல்ட் ஸ்பாட் கடைகளிலிருந்து மறைந்தது. அந்த வகை ஆரஞ்சு பானங்களில் மூக்கில் ஏறும் மணம் பழத்தின் தோலில் உள்ள எண்ணெயின் மணம். வெறும் சாற்றில் அது வராது.

சுவைக்கு அடுத்தது அளவு. பழ சிரப்பில் பழச்சாறு குறைந்தது 25 சதவீதமும், கரைந்த திடப்பொருள் (பெரும்பகுதி சர்க்கரை) 65 சதவீதமும் இருக்க வேண்டும் என்பது இந்திய உணவுத் தர விதி. ஸ்குவாஷ் என்றால் சாறு அதே 25, திடப்பொருள் 40. இந்த 65ஐப் பிடித்தால் போதும், கம்பிப் பதம் பார்க்கவே வேண்டாம். சொல்லப்போனால் கம்பிப் பதம்தான் பலருடைய சிரப்பைக் கெடுக்கிறது. ஒற்றைக் கம்பி வரும்போது பாகு 70 சதவீதத்தைத் தாண்டியிருக்கும். ஆறியதும் அடியில் கற்கண்டு மாதிரி உறைந்துவிடும். சமையலறைத் தராசில் எடை போட்டுச் செய்யுங்கள்.

ஒரு கிலோ திராட்சைச் சாற்றில் ஏறக்குறைய 150 கிராம் சர்க்கரை ஏற்கெனவே இருக்கும். அதை 65 சதவீதத்துக்குக் கொண்டுவர 1,430 கிராம் சர்க்கரை சேர்க்க வேண்டும். மொத்தம் சுமார் 2.4 கிலோ, அதாவது ஏறத்தாழ 1.8 லிட்டர் சிரப். அன்னாசிச் சாறு என்றால் கிலோவுக்கு 1,490 கிராம், கமலா ஆரஞ்சு என்றால் 1,570 கிராம்.

இனி திராட்சை சிரப் செய்முறை. காம்பு நீக்கிய பழம் ஒன்றே முக்கால் முதல் இரண்டு கிலோ எடுத்தால் ஒரு கிலோ சாறு கிடைக்கும். கழுவி, எவர்சில்வர் பாத்திரத்தில் போட்டு, கையாலோ மத்தாலோ மசியுங்கள். மிக்ஸியில் அடிக்காதீர்கள். விதை உடைந்தால் துவர்ப்பும் கசப்பும் இறங்கும், பிறகு எவ்வளவு சர்க்கரை போட்டாலும் போகாது. அலுமினியப் பாத்திரமும் வேண்டாம், புளிப்பு அதை அரிக்கும். மசித்ததைச் சிறு தீயில் 60 முதல் 65 டிகிரி சூட்டில் பத்து நிமிடம் வையுங்கள். திராட்சையின் நிறம் முழுக்கத் தோலில் இருக்கிறது, இந்தச் சூடுதான் அதைச் சாற்றில் இறக்கும். கொதிக்கவிட்டால் மணம் ஆவியோடு போய், ஜாம் வாசம் வந்துவிடும்.

வெள்ளைத் துணியில் ஊற்றித் தானாக வடியவிடுங்கள். முறுக்கிப் பிழிந்தால் சாறு கலங்கும். வடித்த சாற்றை மூடி, ஒரு இரவு முழுக்க ஃபிரிட்ஜில் வையுங்கள். அவசரத்தில் பலர் தாண்டிவிடும் கட்டம் இது. திராட்சையில் பொட்டாசியம் டார்ட்ரேட் உப்பு உண்டு, குளிரில் அது படிகமாகிப் பாத்திரத்தின் அடியில் ஒட்டும். இப்போது நீக்காவிட்டால் பிறகு சிரப் பாட்டிலுக்குள் படியும், பார்ப்பவர்கள் கண்ணாடித் தூள் என்று பயப்படுவார்கள். காலையில் மேலே தெளிந்ததை மட்டும் அசைக்காமல் இறுத்துக்கொள்ளுங்கள்.

இறுத்த சாற்றை எடை போட்டு, ஒரு கிலோ இருந்தால் 1,430 கிராம் சர்க்கரையும் 30 கிராம் சிட்ரிக் அமிலமும் சேர்த்து, கிளறிக்கொண்டே 80 முதல் 85 டிகிரி வரை சூடாக்குங்கள். சர்க்கரை முழுவதும் கரைந்ததும் இறக்கிவிடலாம். காலிப் பாத்திரத்தின் எடையை முன்பே குறித்து வைத்திருந்தால், ஆவியாய்ப் போன அளவுக்குக் கொதிக்கவைத்த நீரை ஊற்றிச் சரிசெய்யலாம்.

30 கிராம் என்றதும் பலர் தயங்குகிறார்கள். ஆனால் வீட்டு சிரப் 'வெறும் சர்க்கரைத் தண்ணீராக' இருக்கிறது என்ற குறைக்குக் காரணமே புளிப்புப் போதாமைதான். குடிக்கும்போது ஏறக்குறைய ஆறு மடங்கு நீர் சேர்கிறது. சாற்றில் இருந்த இயற்கைப் புளிப்பு அதில் காணாமலே போய்விடும். 30 கிராம் போட்டால் கலந்த பானத்தில் 0.3 சதவீதம் அளவுக்குத்தான் புளிப்பு நிற்கும். இதற்குப் பதிலாக எலுமிச்சை பிழியலாமா என்றால், அவ்வளவு அமிலத்துக்கு அரை லிட்டர் எலுமிச்சைச் சாறு வேண்டும். அத்தனை சேர்த்தால் சிரப் நீர்த்துவிடும், திராட்சையும் தெரியாது. அமிலத்தைச் சூடாக இருக்கும்போதே சேர்ப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அது சர்க்கரையில் ஒரு பகுதியைக் குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் உடைக்கும், அதனால் ஃபிரிட்ஜில் சிரப்பின் சர்க்கரை படிகமாக உறைவது குறையும்.

எலுமிச்சை சிரப்புக்குக் கணக்கு வேறு. 700 கிராம் சாறு, 300 கிராம் தண்ணீர், 1.7 கிலோ சர்க்கரை. சிட்ரிக் அமிலம் தேவையில்லை. கொதிக்க மட்டும் விடாதீர்கள்.

ஆரஞ்சுக்குக் கமலாப் பழம் சிறந்தது. சாத்துக்குடிச் சாற்றைச் சூடாக்கினாலோ நேரம் கழித்தாலோ கசப்பு ஏறும். முதலில் இனிப்பாக இருந்து பிறகு கசக்கும், அதனால் செய்யும்போது தெரியாது. கமலாத் தோலின் மேல்பகுதியை மட்டும், வெள்ளைப் பகுதி வராமல், ஏழெட்டுப் பழத்துக்குச் சீவி, 200 கிராம் சர்க்கரையோடு கசக்கி, மூடி அரை நாள் வையுங்கள். எண்ணெய் இறங்கிச் சர்க்கரை ஈரமாகி மணக்கும். அதை மொத்த 1,570 கிராம் சர்க்கரையில் சேர்த்துக் கணக்கிட்டு, சாற்றில் கரைத்து வடிகட்டினால் சோடாவில் கலந்ததும் மூக்கில் ஏறும். இதற்கும் கிலோ சாற்றுக்கு 30 கிராம் சிட்ரிக் அமிலம் போதும்.

பாதுகாப்புப் பொருள் போடலாமா என்பது உங்கள் விருப்பம். போடாவிட்டால் ஃபிரிட்ஜில் வைத்து ஒன்றிரண்டு மாதத்துக்குள் முடித்துவிடுங்கள். போடுவதாக இருந்தால், நிறமுள்ள திராட்சைக்குச் சோடியம் பென்சோயேட், சிரப் கிலோவுக்கு 0.7 கிராம். ஆரஞ்சு, எலுமிச்சை, அன்னாசிக்கு பொட்டாசியம் மெட்டாபைசல்பைட், கிலோவுக்கு 0.6 கிராம். இரண்டையும் மாற்றிப் போடக் கூடாது. மெட்டாபைசல்பைட்டிலிருந்து வரும் கந்தக வாயு திராட்சையின் ஊதாவை வெளுக்கும். வைட்டமின் சி நிறைந்த சாற்றில் பென்சோயேட் சேர்ந்தால் சிறிதளவு பென்சீன் உண்டாக வாய்ப்பு இருக்கிறது. ஆஸ்துமா உள்ளவர்கள் இருக்கும் வீட்டில் மெட்டாபைசல்பைட்டைத் தவிர்ப்பதே நல்லது. இந்த அளவுகளுக்கு நகைக்கடைத் தராசு போல 0.1 கிராம் காட்டும் சிறு தராசு அவசியம். 'ஒரு சிட்டிகை' என்ற கணக்கு இங்கே செல்லாது.

பாட்டிலில் ஊற்றும் விதமும் இதைப் பொறுத்தது. பென்சோயேட் போட்டதும், எதுவும் போடாததும் 80 டிகிரி சூட்டிலேயே, வெந்நீரில் 15 நிமிடம் கொதித்துச் சூடாக இருக்கும் கண்ணாடி பாட்டிலில், வாயிலிருந்து ஒரு சென்டிமீட்டர் விட்டு நிரப்பி, மூடி, இரண்டு நிமிடம் தலைகீழாக வையுங்கள். மெட்டாபைசல்பைட் சூட்டில் போட்டால் வாயு பறந்துவிடும். சிரப் நன்றாக ஆறிய பிறகு, ஒரு ஸ்பூன் நீரில் கரைத்துக் கலந்து, ஆறியபடியே நிரப்பி, பிளாஸ்டிக் மூடி போடுங்கள்.

பாட்டில் கழுத்தில் மட்டும் பூஞ்சை பிடிக்கிறதென்றால் சர்க்கரை குறைந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். பாதி நிரப்பிய பாட்டிலைச் சூடாக மூடியதால் ஆவி மேலே நீராகி, சிரப்பின் மேற்பரப்பை மட்டும் நீர்க்கச் செய்திருக்கும். சிறு பாட்டில்களில் முழுக்க நிரப்புவதே தீர்வு. பூஞ்சை வந்த பாட்டிலை மேலே வழித்துவிட்டுப் பயன்படுத்தக் கூடாது, முழுவதையும் கொட்டிவிடுங்கள். திறக்கும்போது 'புஸ்' என்று வாயு வந்தாலும், கள் வாசம் அடித்தாலும் அப்படியே.

குடிக்க: 200 மில்லி டம்ளரில் 30 மில்லி சிரப், மீதி ஐஸ் தண்ணீர். சோடா என்றால் சிரப்பை முதலில் ஊற்றி, நன்கு குளிர்ந்த சோடாவை டம்ளரின் ஓரமாக மெல்ல விட்டு, ஒரே ஒரு முறை கலக்குங்கள்.